போர்க்கால ஆம்புலன்ஸ் படம்: எடுத்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கல் பாவிய தெரு. தெருவின் நீளவாக்கில் ஒரு மோட்டார் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அதன் பக்கத்தில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக ஒரு சிலுவை. வண்டிக்கு அருகே ஒரு சிப்பாய் நேராக நிற்கிறார். ஒரு கடையின் பெயர்ப்பலகை பாதி தெரிகிறது. தெருக்கோடியில் தலை உடைந்த தேவாலயக் கோபுரம். இந்தப் படம் ஓரிடத்தில் "பிரான்சு, 1916" என்றும், இன்னோரிடத்தில் "பெல்ஜியம், 1914" என்றும், வேறோரிடத்தில் இரண்டாம் உலகப் போர் என்றும் பரவுகிறது. எதை நம்புவது?

விடை தேட ஒரு முறை இருக்கிறது. அதன் அடிப்படை எளிமையானது: நகரும் பொருளைக் கொண்டு காலத்தைத் தேட வேண்டும், நகராத பொருளைக் கொண்டு இடத்தைத் தேட வேண்டும். ஆம்புலன்ஸ் படத்தின் நடுவில் பெரிதாக நிற்பதால் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சக்கரம் உள்ள எதுவும் எந்த ஊரிலும் நின்றிருக்கலாம். பெரும்பாலான தவறான குறிப்புகள் இங்கேதான் பிறக்கின்றன.

முதலில் "ஆம்புலன்ஸ்" என்ற சொல்

பழைய படக்குறிப்பில் ஆம்புலன்ஸ் என்று இருந்தால் அது வண்டியைத்தான் குறிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரெஞ்சு மொழியில் இது "நடமாடும் மருத்துவமனை" என்ற தொடரிலிருந்து வந்த சொல். முதல் உலகப் போரில் பாரீசை ஒட்டிய நெய்யி நகரில் இருந்த "அமெரிக்கன் ஆம்புலன்ஸ்" ஒரு பள்ளிக் கட்டடத்தில் இயங்கிய மருத்துவமனை. பிரிட்டிஷ் ராணுவத்தில் "ஃபீல்டு ஆம்புலன்ஸ்" என்றால் சுமார் 230 பேர் கொண்ட மருத்துவப் பிரிவு. ஒவ்வொரு காலாட்படை டிவிஷனுக்கும் இப்படி மூன்று பிரிவுகள் இருந்தன. 1899-இல் போயர் போரின்போது நேட்டாலில் காந்தி முன்னின்று அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் வேலை ஸ்ட்ரெச்சரைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடப்பது.

ஆகவே "இன்ன ஊர் ஆம்புலன்ஸ்" என்று ஒரு குறிப்பு சொன்னால், அது வண்டியா, பிரிவா, கட்டடமா என்று முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரிவு என்றால், குறிப்பிலுள்ள ஊர் அந்தப் பிரிவைத் திரட்டிய ஊராக இருக்கலாம். படம் எடுத்த ஊர் வேறாக இருக்கும்.

படத்தையே ஒரு பொருளாகப் பார்ப்பது

படத்துக்குள் போவதற்கு முன் அச்சுப்பிரதியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் தணிக்கை முத்திரை, செய்தி நிறுவனத்தின் முத்திரை, ஸ்டூடியோ பெயர், அஞ்சலட்டைக் கோடுகள், பென்சிலில் எழுதிய எண் என்று ஏதாவது இருக்கும். ஆல்பத்திலிருந்து பிரித்த படமானால் அதற்கு முன்னும் பின்னும் எந்தப் படங்கள் இருந்தன என்பது முக்கியம். தனியாகப் பிடுங்கி எடுத்த படம் பாதி சாட்சியத்தை இழந்துவிடுகிறது.

அப்புறம் மூன்று சோதனைகள்:

1. நிறம். முதல் உலகப் போர்க் காலத்தின் பெரும்பாலான பிளேட்டுகளும் ஃபிலிம்களும் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். நம் படத்தில் சிலுவை கறுப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம். "சிலுவை கறுப்பு, ஆகவே இது செஞ்சிலுவை வண்டி இல்லை, ஏதோ ஜெர்மன் சின்னம்" என்று வாதிடுவது இதை அறியாததால். நீல வண்ணத்தில் எழுதிய பலகை வெளிர் சுவரில் ஏறக்குறைய மறைந்தே போகலாம்.

2. இடவலம். கண்ணாடி நெகட்டிவைத் தவறான பக்கம் வைத்து அச்சிட்டால் ஊரே கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடும். எழுத்து எதுவும் இல்லாத படத்தில் ஆண்களின் சட்டைப் பொத்தானைப் பார்க்கலாம்: இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். பதக்க நாடா மார்பின் இடப்பக்கம் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் தேவாலயத்தைத் தேடி மாதக்கணக்கில் அலைவதில் அர்த்தம் இல்லை.

3. ஓரம். பத்திரிகைகள் படத்தை வெட்டிவிடும். முழு நெகட்டிவ் கிடைத்தால், வெட்டுப்பட்ட ஓரத்தில் மைல்கல்லோ தெருப்பெயரோ இருக்க வாய்ப்புண்டு.

வண்டி என்ன சொல்லும், என்ன சொல்லாது

வண்டியின் மாடல் காலத்துக்கு ஒரு கீழ் எல்லையைத் தருகிறது. ஆஸ்டின் கே2 என்ற பிரிட்டிஷ் ஆம்புலன்ஸ் இரண்டாம் உலகப் போரின் வண்டி; ஓட்டுநர் பக்கம் கதவுக்குப் பதில் கித்தான் திரை தொங்கும், உள்ளே நான்கு ஸ்ட்ரெச்சர் கொள்ளும். அமெரிக்காவின் டாட்ஜ் டபிள்யூசி54 வந்தது 1942-இல். அது படத்தில் இருந்தால் 1940 டன்கர்க் என்ற குறிப்பு அங்கேயே விழுந்துவிடும். நம் படத்து வண்டி ஃபோர்டு மாடல் டி என்று வைத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் அமெரிக்கத் தொண்டர்கள் பிரெஞ்சு ராணுவத்துக்காக ஓட்டியது இதைத்தான். படுத்த நிலையில் மூன்று பேரை ஏற்றலாம். ஃபோர்டு இந்த மாடலை 1927-இல் நிறுத்திவிட்டது. சிப்பாயின் சீருடையும் முதல் போரைச் சேர்ந்ததாக இருப்பதால் இரண்டாம் உலகப் போர் என்ற குறிப்பை ஒதுக்கிவிடலாம்.

நம்பர் பிளேட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் 1904 முதல் பதிவெழுத்து உள்ளாட்சிக் கவுன்சில் வாரியாக வழங்கப்பட்டது. ஆகவே பிளேட் காட்டுவது பதிவு செய்த ஊரை. ஜெர்மன் தரைப்படையின் "டபிள்யூஎச்" பிளேட் நார்வேயிலும் இருந்தது, வட ஆப்பிரிக்காவிலும் இருந்தது. இரண்டாம் போரின் பிரிட்டிஷ் ராணுவ எண்ணில் முன்னெழுத்து "ஏ" என்றால் ஆம்புலன்ஸ். அமெரிக்க ராணுவ எண் 7-இல் தொடங்கினால் ஆம்புலன்ஸ். இவை வண்டியின் வகையைச் சொல்கின்றன, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பொறி நன்கொடைப் பெயர். முதல் உலகப் போரில் ஊர்களும் கல்லூரிகளும் சங்கங்களும் பணம் திரட்டி ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தன. கொடுத்தவர் பெயர் வண்டியின் பக்கத்திலேயே எழுதப்பட்டது அல்லது பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டது. அமெரிக்கக் கல்லூரியின் பெயர் தாங்கிய வண்டி பிரான்சின் வெர்டன் சாலையில் ஓடியது. எதிர்ப்பக்கமும் உண்டு. வண்டியை அனுப்புவதற்கு முன் அந்த ஊரின் நகர மன்றத்தின் எதிரே நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். சக்கரத்தில் சேறு இல்லை, மட்கார்டில் நசுங்கல் இல்லை, தொப்பி அணிந்த பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அது கையளிப்பு விழா. போர்முனைக்கும் அந்தத் தெருவுக்கும் இடையில் ஒரு கடலே இருக்கலாம்.

ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதை வைத்து "இது இங்கிலாந்து" என்று முடிவு செய்வதும் தவறு. அந்தக் காலத்தில் சாலையின் வலப்பக்கம் ஓட்டிய பிரான்சிலும் பல கார்களுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் இருந்தது.

நகராதவை: எழுத்து, கட்டடம், இடிபாடு

இனித்தான் இடத்துக்கு வருகிறோம். முதலில் எழுத்து. நம் படத்துக் கடைப்பலகையில் பாதி மறைந்த சொல் "எஸ்தமினே" என்று வைத்துக்கொள்வோம். சிறு மதுக்கடையைக் குறிக்கும் இந்தச் சொல் வட பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புழங்கியது. ஒரே சொல்லால் தேடும் பரப்பு பல மடங்கு சுருங்கிவிட்டது. ஆனால் மொழியை வைத்து நாட்டைச் சொல்லும்போது அந்தக் காலத்து எல்லையை நினைவில் வைக்க வேண்டும். அல்சாஸ் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது. இன்று பிரான்சில் உள்ள ஊரில், அன்று ஜெர்மன் பலகை தொங்கியிருக்கும்.

எழுத்து இல்லாத இடமும் ஒரு தகவல்தான். 1940-இல் படையெடுப்புக்குப் பயந்து பிரிட்டன் சாலைகளில் ஊர்ப்பெயர்ப் பலகைகளை அகற்றியது. அக்காலத்துப் பிரிட்டிஷ் தெருக்களில் மட்கார்டு ஓரமும் நடைபாதை விளிம்பும் வெள்ளை பூசியிருக்கும், வண்டி விளக்குகளுக்கு முகமூடி போட்டிருக்கும். இருட்டடிப்பு விதிகளின் அடையாளங்கள் இவை.

இடிந்த கட்டடங்கள் ஒரு வகையில் முழுக் கட்டடத்தைவிட நல்ல சாட்சி, ஏனென்றால் அவை இடத்தோடு நாளையும் சொல்கின்றன. பிரான்சின் ஆல்பெர் நகரத் தேவாலயத்தின் உச்சியில் இருந்த மரியன்னை சிலை 1915 ஜனவரியில் குண்டடிபட்டு, கிட்டத்தட்டப் படுத்த நிலையில் தெருவுக்கு மேலே தொங்கியது. 1918 ஏப்ரலில் பிரிட்டிஷ் பீரங்கிகள் கோபுரத்தை வீழ்த்தும்வரை அப்படியே இருந்தது. படத்தின் பின்னணியில் அந்தச் சாய்ந்த சிலை தெரிந்தால் ஊர் ஆல்பெர், காலம் அந்த மூன்றேகால் ஆண்டுக்குள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத் துணிச் சந்தை மண்டபம் 1914 நவம்பர் 22 அன்று எரிந்தது. அதற்குப் பிறகு மாதம் மாதமாக எவ்வளவு சுவர் மிஞ்சியது என்பதைப் படங்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். நாள் தெரியாத படம் அந்த வரிசையில் தானாகவே ஓரிடத்தில் போய்ப் பொருந்தும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. போர்முனை ஓடிய பகுதியில் பல தேவாலயங்கள் 1920-களில் புதிதாகக் கட்டப்பட்டவை, பல இடங்களில் பழைய வடிவம் மாறிவிட்டது. இன்றைய தெருப்படத்தில் அந்தக் கோபுரத்தைத் தேடினால் கிடைக்காது. 1914-க்கு முந்தைய அஞ்சலட்டைகளில் தேட வேண்டும். நல்வாய்ப்பாக, பிரான்சில் அக்காலத்தில் சின்னஞ்சிறு கிராமத்தின் தேவாலயத்துக்கும் மெயின் ரோட்டுக்கும்கூட அஞ்சலட்டை அச்சிட்டார்கள். தேடுபவர்களுக்கு அதைவிடப் பெரிய புதையல் இல்லை.

நிழலை அளப்பது

நிழல் ஊரின் பெயரைச் சொல்லாது. ஆனால் பொய்யான குறிப்பை உடைப்பதில் அதற்கு நிகர் இல்லை. நம் படத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. திசை. பழைய கத்தோலிக்கத் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கிலும் கோபுரம் பெரும்பாலும் மேற்கிலும் இருக்கும். விலகல் உண்டு, ஆனாலும் தொடக்கத்துக்கு இது போதும். படத்தில் கோபுரத்தின் வலப்பக்கம் தேவாலயத்தின் உடல் நீள்கிறது என்றால் வலம் கிழக்கு, கேமரா பார்ப்பது வடக்கு.

2. நேரம். சிப்பாயின் நிழல் நம்மைவிட்டு நேராக விலகி, வடக்கு நோக்கி விழுகிறது. ஐரோப்பாவில் சூரியன் நேர் தெற்கில் இருப்பது நண்பகலில். ஆகவே இது நண்பகல்.

3. நீளம். கேமராவைவிட்டு விலகும் நிழல் படத்தில் குறுகித் தெரியும், ஸ்கேலை வைத்து அளக்க முடியாது. இங்கே தெருக்கல் உதவுகிறது. மாடல் டி வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 254 செ.மீ. அந்த இடைவெளியில் 15 வரிசைக் கற்கள் எண்ண முடிந்தால் ஒரு வரிசை சுமார் 17 செ.மீ. நிழல் 20 வரிசை நீண்டிருந்தால் சுமார் 340 செ.மீ.

4. உயரம். சிப்பாய் சுமார் 170 செ.மீ. என்று கொண்டால், நிழல் அவர் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. அப்படியானால் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 26.5 டிகிரி உயரத்தில் இருக்கிறது.

5. நாள். வட பிரான்சு, பெல்ஜியம் பகுதிகள் சுமாராக 50-ஆவது வட அட்சரேகையை ஒட்டியவை. அங்கே நண்பகல் சூரியன் கோடையின் உச்சத்தில் 63 டிகிரிக்கும் குளிரின் உச்சத்தில் 17 டிகிரிக்கும் அருகில் இருக்கும். 26.5 டிகிரி வருவது ஆண்டில் இரண்டு முறை: பிப்ரவரி நடுவில், அக்டோபர் கடைசியில்.

மரங்களைப் பார்க்க வேண்டியது இப்போதுதான். இலை இருந்தால் அக்டோபர், மொட்டையாக இருந்தால் பிப்ரவரி. நம் படத்தில் மரங்கள் மொட்டை. 1914 பிப்ரவரியில் போரே தொடங்கவில்லை. அது தொடங்கியது ஆகஸ்டில். ஆகவே "பெல்ஜியம், 1914" என்ற குறிப்பில் ஆண்டு நிச்சயமாகத் தவறு. ஒரு நிழலும் சில தெருக்கற்களும் இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டன.

கோபுரக் கடிகாரம் தெரிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்றும், பிரிட்டன் மே 21 அன்றும் கோடைநேரத்தைக் கொண்டுவந்தன. பிரான்சு ஜூனில் சேர்ந்துகொண்டது. இரண்டாம் போரில் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சு ஜெர்மன் நேரத்தில் ஓடியது, பிரிட்டன் 1941 முதல் கோடையில் இரண்டு மணி நேரம் முன்தள்ளி வைத்தது. கடிகார முள்ளுக்கும் சூரியனுக்கும் இடையே இரண்டு மணி நேர வித்தியாசம் தெரிந்தால் அதுவே ஒரு துப்பு.

கேமரா நின்ற புள்ளி

ஊர் தெரிந்த பிறகு செய்வது இது. படத்தில் அருகில் உள்ள ஒரு பொருளும் தொலைவில் உள்ள ஒரு பொருளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், உதாரணமாக ஒரு வீட்டின் மூலையும் கோபுரத்தின் விளிம்பும், கேமரா அந்த இரண்டையும் சேர்க்கும் கோட்டில்தான் நின்றிருக்க வேண்டும். பழைய வரைபடத்தில் அந்தக் கோட்டை வரையலாம். இப்படி இன்னொரு ஜோடி கிடைத்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் புகைப்படக்காரர் நின்றார். அந்தப் புள்ளி ஆற்றுக்குள்ளோ ஒரு வீட்டின் சுவருக்குள்ளோ விழுந்தால், ஊரையே தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். மனம் விரும்பும் ஊரை ஏற்றுக்கொள்ளாமல் தடுக்க இந்தச் சோதனை மிக நன்றாகப் பயன்படுகிறது.

வரைபடங்களுக்கும் நாட்குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதுங்குகுழி வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டுகிறது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் "டபிள்யூஓ 95" என்ற வரிசையில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. ஃபீல்டு ஆம்புலன்ஸ் பிரிவுகள் எந்த நாளில் எந்த ஊரில் முகாமிட்டன என்பது அவற்றில் எழுதியிருக்கும். வண்டியில் பிரிவின் எண் தெரிந்தால் ஊர்களின் பட்டியல் கைக்கு வந்துவிடும். ஆஸ்திரேலியப் போர் நினைவகம், லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றின் படத்தொகுப்புகளில் அதே தெருவின் வேறு படம் கிடைப்பதும் உண்டு.

இடம் மாறினால் செய்தியே மாறும்

"ஊர் தெரியாவிட்டால் என்ன, போர் போர்தானே" என்று தோன்றலாம். ராபர்ட் கேப்பா 1936 செப்டம்பரில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் எடுத்த, குண்டடிபட்டு விழும் சிப்பாயின் படத்தைப் பாருங்கள். அது கோர்தோபாவுக்கு அருகில் செர்ரோ முரியானோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் எடுத்ததாகப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 2009-இல் பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோசே மனுவேல் சுஸ்பெரேகி அதே வரிசையின் மற்றப் படங்களில் தொலைவில் தெரியும் மலைகளின் விளிம்புக் கோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஒப்பிட்டார். அந்த மலைகள் பொருந்தியது சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கும் எஸ்பெஹோவில். அந்த நாட்களில் எஸ்பெஹோவில் சண்டை நடக்கவில்லை என்பது அவருடைய வாதம். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. இடம் மாறியதும், அது உண்மையான மரணமா அல்லது நடித்துக் காட்டியதா என்ற கேள்வி புதிய பலத்தோடு எழுந்தது.

ஆம்புலன்ஸ் படத்திலும் இதே கனம் உண்டு. 1864 ஜெனீவா ஒப்பந்தம் முதல் செஞ்சிலுவைக் குறி பாதுகாப்புக்கு உரியது. ஒட்டோமான் (துருக்கிப் பேரரசு) தரப்பு 1870-களிலிருந்து செம்பிறையைப் பயன்படுத்தியது. துளைபட்ட ஆம்புலன்ஸ் எங்கே, எந்த நாளில் நின்றது என்பது ஒரு தாக்குதல் குற்றமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு, தங்கள் மூதாதையர் கடைசியாக நின்ற தெரு அது.

தவறு நுழையும் வழிகள்

மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டுக் கூர்மையாக்குவது இப்போது பரவலாகிவிட்டது. இடம் தேடும் வேலையில் இது ஆபத்து. கருவி இல்லாத எழுத்தை வரையும், இல்லாத ஜன்னலைச் சேர்க்கும், முகத்தை மாற்றும். வண்ணமூட்டிய படத்தில் வரும் நிறம் கருவியின் ஊகம். மூல அச்சை 1,200 டிபிஐ (அங்குலத்துக்கு 1,200 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து, வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதே சரி.

இன்னொன்று, பொருந்துவதை மட்டும் எண்ணுவது. வட பிரான்சில் கூர்கோபுரமும் செங்கல் வீடும் இல்லாத ஊர் எது? பத்துப் பொருத்தங்களைவிட ஒரு பொருந்தாமை அதிகம் பேசும். கோபுர ஜன்னல்கள் இரண்டிரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால், அந்த ஊரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

முடிவை எப்படி எழுதுவது

கண்டுபிடித்ததை மூன்று படியாகப் பிரித்து எழுதினால் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம்: உறுதியானது, வாய்ப்புள்ளது, நீக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டுப் படத்துக்கு இப்போதைக்கு எழுதக்கூடிய குறிப்பு இவ்வளவுதான்:

"ஃபோர்டு மாடல் டி ஆம்புலன்ஸ். எஸ்தமினே பலகை உள்ளதால் வட பிரான்சு அல்லது பெல்ஜியம், ஊர் தெரியவில்லை. நிழலையும் மொட்டை மரங்களையும் கொண்டு பிப்ரவரி நடு, நண்பகல் (தேவாலயம் கிழக்கு மேற்காக அமைந்திருந்தால்). 1915 முதல் 1918 வரை ஏதோ ஓர் ஆண்டு. 1914-உம் இரண்டாம் உலகப் போரும் நீக்கப்பட்டன. 1916 என்ற பழைய குறிப்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, மறுப்பும் இல்லை. அடுத்து ஒப்பிட வேண்டியது: 1914-க்கு முந்தைய அஞ்சலட்டைகளில் கோபுரத்தின் ஜன்னல் அமைப்பு."